உலோக ஹாலைடுகளின் உறைவாயு நிறமாலையியல்

உறைந்த மந்த வாயுவுக்குள் உலோக ஹாலைடு மூலக்கூறுகளைத் தனித்தனியே சிறைப்படுத்தி, அவற்றின் நிறமாலையை ஆராயும் முறை. 1954இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஜார்ஜ் பிமென்டல் குழுவினர் நிலையற்ற மூலக்கூறுகளுக்காக இந்த உத்தியை முன்வைத்தனர்.

செய்முறை: வெற்றிடத்தில் உப்பைச் சூடாக்கி, எழும் ஆவியைப் பெருமளவு ஆர்கான், கிரிப்டான் அல்லது நியானுடன் சேர்த்து, வாயுவுக்கேற்ப ஏறத்தாழ 4 முதல் 20 கெல்வின் வரை குளிர்ந்த சீசியம் அயோடைடுச் சாளரத்தில் படியவிடுவர். சூழ்ந்திருக்கும் மந்த அணுக்கள் மூலக்கூறுகளை ஒன்றுசேர விடுவதில்லை. அவற்றின் சுழற்சியும் பெரும்பாலும் அடங்கிவிடுவதால் அகச்சிவப்புக் கோடுகள் குறுகிக் கூர்மையாகின்றன. சாளரத்தைச் சற்றே சூடாக்கினால் மூலக்கூறுகள் நகர்ந்து இணையும். அப்போது வளரும் கோடுகள் இருமங்களுக்கு உரியவை, தேய்பவை தனி மூலக்கூறுகளுக்கு உரியவை.

வடிவம் அறிதல்: நேர்கோட்டு மூலக்கூறில் சமச்சீர் நீட்சி அதிர்வு அகச்சிவப்பை உறிஞ்சாது, வளைந்ததில் உறிஞ்சும். கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் டைஃபுளோரைடுகளில் அந்தக் கோடு தெரிந்ததால், அவை வளைந்தவை என்று அறியப்பட்டது. எளிய எலக்ட்ரான் இணை விலக்கக் கொள்கை அவற்றை நேர்கோடாக எதிர்பார்த்திருந்ததால், இம்முடிவு வேதிப்பிணைப்புக் கோட்பாட்டுக்கே முக்கியமானது. ஐசோடோப்பு மாற்றத்தால் கோடுகள் இடம்பெயரும் அளவு பிணைப்புக் கோணத்தைக் கணிக்க உதவுகிறது.

வரம்பு: சூழும் வாயு மூலக்கூறைச் சற்றே பாதிப்பதால், அதிர்வெண்கள் ஆவிநிலை மதிப்புகளிலிருந்து விலகும். இந்த விலகல் பொதுவாக நியானில் மிகக் குறைவு.