மோர்பாத்தின் கணக்கேடு: ஒரு சிற்றூர்ச் சேகரத்தின் ஓராண்டு

திருச்சபை வரலாற்றைக் கற்கும் நாம் பெரும்பாலும் மன்றங்களையும் மாமன்றங்களையும், மன்னர்களின் ஆணைகளையும், இறையியல் அறிஞர்களின் விவாதங்களையும் வைத்தே அதனைக் கற்கிறோம். ஆங்கில நாட்டுச் சீர்திருத்தம் என்றவுடன் எட்டாம் ஹென்றியும் பேராயர் தாமஸ் கிரான்மரும் நம் நினைவிற்கு வருவர். ஆனால் அவ்வாணைகள் சென்று சேர்ந்த இடம் எது? அவற்றைத் தம் கைகளால் நிறைவேற்றியவர்கள் யாவர்? இவ்வினாவிற்கு விடை காண வேண்டுமாயின், நாம் ஒரு சிற்றூர்ச் சேகரத்தின் வரவு செலவுக் கணக்கைப் புரட்டிப் பார்ப்பது நலம். அத்தகைய கணக்கேடு ஒன்று இங்கிலாந்தின் தென்மேற்கேயுள்ள டெவன் மாவட்டத்து மோர்பாத் என்னும் ஊரிலிருந்து நமக்குக் கிடைத்துள்ளது. 1548-ஆம் ஆண்டின் நடுப்பகுதி முதல் 1549 ஆகஸ்டு வரை அவ்வூர்ச் சபையார் ஆற்றிய பணியையும் அடைந்த இழப்பையும் இக்கட்டுரையில் ஆராய விழைகிறோம்.

ஊரும் குருவானவரும்

மோர்பாத், எக்ஸ்மூர் என்னும் மேட்டுநிலத்தின் தென்விளிம்பில் அமைந்த சிற்றூர். பதினாறாம் நூற்றாண்டில் அங்கே 33 குடும்பங்களே வாழ்ந்தன. உழவும் ஆடு வளர்ப்புமே அவர்தம் பிழைப்பு. 1520-ஆம் ஆண்டு கிறிஸ்டபர் டிரிக்கி என்பவர் அவ்வூரின் குருவாக வந்தார். 1574-இல் இறக்கும் வரை, அதாவது 54 ஆண்டுகள், அவரே அச்சேகரத்தின் மேய்ப்பராயிருந்தார். எட்டாம் ஹென்றி, ஆறாம் எட்வர்டு, மேரி, எலிசபெத்து என நான்கு அரசுகளையும், அவற்றோடு மாறி மாறி வந்த வழிபாட்டு ஒழுங்குகளையும் அவர் ஒரே பலிபீடத்தருகே நின்று கண்டார்.

சேகரத்தின் கணக்கை எழுதியவரும் அவரே. அதனை எழுதிப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது அவர் நோக்கமன்று. சபையார் கூடியிருக்கும்போது உரத்து வாசிப்பதற்காகவே எழுதினார். எனவே அக்கணக்கில் எண்களோடு மேய்ப்பனின் குரலும் கேட்கிறது. நன்கொடை கொடுத்தவரைப் பாராட்டுகிறார், கொடாதவரை நினைவூட்டுகிறார், பிணக்குற்றோரை இணக்கப்படுத்துகிறார். இவ்வேட்டை 1904-இல் பின்னி என்பவர் அச்சேற்றினார். 2001-இல் ஈமன் டஃபி என்னும் வரலாற்றாசிரியர் இதனை அடிப்படையாகக் கொண்டு விரிவான நூல் ஒன்றை வெளியிட்டபின், மோர்பாத் திருச்சபை வரலாற்றில் தனக்கென ஓர் இடத்தைப் பெற்றது.

சபையாரின் ஆட்சி

இன்று நாம் சேகரக் குழு என வழங்கும் பெயரில் அன்று அமைப்பு எதுவும் அங்கில்லை. எனினும் அதன் பணி அனைத்தும் நடைபெற்றது. ஆண்டுதோறும் ஆலயத்தின் தலைமைக் காவலர் தெரிந்துகொள்ளப்பட்டார். இப்பொறுப்பு செல்வர்க்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. அது வீட்டு முறையாகச் சுற்றி வந்தது. கணவனை இழந்த பெண் குடும்பத் தலைவியாயிருந்தால், அவள் முறை வரும்போது அவளே காவலராவாள். இவர்களுக்கு மேலாக, ஊரின் மூத்தோர் நால்வரோ ஐவரோ சேர்ந்து பொதுப்பணத்தை மேற்பார்த்தனர்.

ஆலயத்தில் பல சிறு நிதிகள் இருந்தன. ஒவ்வொரு திருவுருவத்தின் முன்னும் விளக்கெரிக்க ஒரு நிதி. இளைஞர்க்கு ஒரு நிதி. கன்னியர்க்கு ஒரு நிதி. ஒவ்வொன்றிற்கும் காவலர்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஆண்டிறுதியில் சபைமுன் கணக்கொப்புவிக்க வேண்டும். இந்நிதிகளுக்கு முதலாக இருந்தவை ஆடுகள். ஆலயத்து ஆடுகளை ஊரார் தத்தம் மந்தையோடு சேர்த்து மேய்த்தனர். அவற்றின் கம்பளி விற்ற பணம் ஆலயத்திற்கு வந்தது. இதனோடு, காவலர்கள் பார்லி மதுவைக் காய்ச்சி, ஆலயத்துப் பொது இல்லத்தில் ஊராரைக் கூட்டி நடத்திய விருந்துகளின் வருவாயும் சேர்ந்தது.

இவ்வமைப்பின் சிறப்பு யாது? முப்பத்து மூன்று குடும்பங்களே உள்ள ஊரில், ஆணும் பெண்ணும், முதியோரும் இளையோரும், ஏதேனும் ஒரு பொறுப்பை வாழ்நாளில் ஒருமுறையாவது ஏற்றனர். இளைஞன் ஒருவன் இளைஞர் நிதியின் காவலனாகப் பயின்று, பின்னர் ஆலயக் காவலனாக உயர்ந்தான். பொதுப்பணத்தைக் கையாளவும், அயலார் முன் கணக்கொப்புவிக்கவும் அவர்களுக்குக் கற்பித்த பள்ளி திருச்சபையே. பிணக்குகளும் இல்லாமலில்லை. 1530-களில் ஆலயப் பணியாளரின் கூலியை யார் எவ்வளவு கொடுப்பது என்பது பற்றி எழுந்த வழக்கு சில ஆண்டுகள் ஊரைப் பிளந்து வைத்திருந்தது. ஆயினும் பேசி முடிக்கும் வழியும் அவ்வமைப்பிலேயே இருந்தது.

குருவானவருக்கோ இரு பற்றுகள் இருந்தன. ஒன்று, எக்சிட்டர் நகரத்துப் புனிதையான சிட்வெல் மீது அவர் கொண்ட பக்தி. தாம் வந்த 1520-ஆம் ஆண்டிலேயே அப்புனிதையின் திருவுருவத்தை ஆலயத்திற்கு அளித்தார். மற்றொன்று, மரித்தோர்க்கான வழிபாட்டிற்கென ஒரு தொகுதிக் கருநிறத் திருவுடைகளை வாங்க வேண்டும் என்ற ஆவல். ஏழை ஊரில் அது எளிதில் கைகூடவில்லை. தமக்குரிய தசமபாகத்தில் ஒரு பகுதியை அவரே விட்டுக்கொடுத்தார். இறப்போரின் சிறு காணிக்கைகளும் சேர்ந்தன. ஏறத்தாழ இருபது ஆண்டுச் சேமிப்பின்பின் 1547-இல் அவ்வுடைகள் வந்து சேர்ந்தன. அதே ஆண்டு சனவரியில் எட்டாம் ஹென்றி இறந்தான் என்பதை நாம் மறத்தலாகாது.

வறுமையுற்ற ஆண்டு

ஒன்பது வயதுச் சிறுவனாகிய ஆறாம் எட்வர்டின் பெயரால் ஆண்டோர் 1547 சூலையில் புதிய கட்டளைகளைப் பிறப்பித்தனர். ஒவ்வொரு சேகரமும் ஆங்கில வேதாகமத்தையும் எராஸ்முசின் நற்செய்தி விளக்கவுரையையும் வாங்கிவைக்க வேண்டும். அதன் செலவைக் குருவும் சபையாரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். 1548 பிப்ரவரியில் எல்லாத் திருவுருவங்களையும் அகற்றும்படி ஆணை வந்தது. உருவங்கள் நீங்கியபின் விளக்குகளுக்கு வேலையில்லை. விளக்குகள் இல்லையேல் நிதிகளுக்கும் வேலையில்லை. ஆலயத்து ஆடுகள் விற்கப்பட்டன. இளைஞர் நிதியும் கன்னியர் நிதியும் மறைந்தன. ஆலயத்து விருந்துகளும் நின்றன.

இவ்வாண்டின் தலைமைக் காவலர் லூசி சீலி என்னும் பெண்மணி. அவர் பொறுப்பேற்ற காலத்தில் ஆலயத்திற்கு வந்த காணிக்கை எதுவுமில்லை. ஆலயத்திலிருந்து வெளியேறிய பொருள்களோ பல. மேலிடத்தார் கேட்கும் முன்னரே, சபையார் தாமே ஆலயப் பொருள்களை விற்கத் தொடங்கினர். பறிமுதலாகும் முன் தம் முன்னோர் கொடுத்ததைத் தம் ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும், ஆணைகளை நிறைவேற்றப் பணம் வேண்டும் என்ற நெருக்கடியும் ஒருங்கே அவர்களை உந்தியிருத்தல் வேண்டும். பிற்காலத்தில் டிரிக்கி இவ்வாண்டுகளைத் திரும்பி நோக்கும்போது, லூசியின் காலந்தொட்டு அடுத்தடுத்த காவலர்களின் பெயர்களை வரிசையாகக் கூறி, அவர் அனைவர் காலத்திலும் ஆலயம் தேய்ந்தே வந்தது எனத் துயருடன் பதிவு செய்கிறார். லூசியின்மேல் அவர் குற்றஞ்சாட்டவில்லை. முறைப்படி தன் வீட்டிற்கு வந்த பொறுப்பை ஏற்ற அவர், தன் ஆலயத்தின் உடைமைகள் கலைவதைக் கணக்கெழுதிக்கொடுக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டியதாயிற்று.

1549-இன் தொடக்கம் மேலும் சுமைகளைக் கொண்டுவந்தது. ஆலயப் பொருள்களுக்குப் பட்டியல் எடுக்கும்படி அரசு கட்டளையிட்டது. மார்ச்சில் நாடாளுமன்றம் ஆடுகள்மீதும் கம்பளித் துணிமீதும் வரி விதித்தது. ஆட்டையே நம்பி வாழும் ஊருக்கு இதன் பொருள் என்ன என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. சனவரியில் நிறைவேறிய ஒருசீர்மைச் சட்டத்தின்படி, அவ்வாண்டுப் பெந்தெகொஸ்தே நாளாகிய சூன் 9 முதல் நாடெங்கும் புதிய பொது ஜெப நூலின்படியே வழிபாடு நடைபெற வேண்டும் என விதிக்கப்பட்டது.

ஐந்து இளைஞர்

மறுநாளே, அதாவது சூன் 10-ஆம் நாள், அதே டெவன் மாவட்டத்தைச் சேர்ந்த சாம்ப்ஃபோர்டு கோர்ட்னி என்னும் ஊரில் மக்கள் தம் குருவைப் பழைய முறையிலேயே வழிபாடு நடத்தும்படி வற்புறுத்தினர். கிளர்ச்சி பரவியது. கார்ன்வால் மக்களும் அதில் சேர்ந்தனர். தம்முள் சிலர் ஆங்கிலம் அறியாதவர். எனவே ஆங்கில வழிபாடு தமக்கு வேண்டாம் என அவர்கள் அறிவித்தது நம் கவனத்திற்குரியது. தாய்மொழியில் வழிபாடு என்ற சீர்திருத்தக் கோட்பாடு, வேறொரு தாய்மொழி உடையோர்க்கு அயல்மொழித் திணிப்பாகவே தோன்றிற்று. சூலை 2-ஆம் நாள் எக்சிட்டர் நகரம் முற்றுகையிடப்பட்டது. கிளர்ச்சியாளரின் பாளையங்களுள் ஒன்று நகருக்கு வெளியே, புனித தாவீது மேட்டில் இருந்தது.

மோர்பாத்தின் கணக்கேட்டில் இக்காலத்திற்குரிய செலவு ஒன்று காணப்படுகிறது. புனித தாவீது மேட்டுப் பாளையத்திற்குச் செல்லும் இளைஞர் ஐவர்க்கு ஊர்ப் பொதுப்பணத்திலிருந்து படியும் படைக்கலமும் அளிக்கப்பட்டன. ஒருவர்க்குக் கொடுத்தது 6 சில்லிங் 8 பென்சு. இது அரசர் படைக்கான செலவன்று. கிளர்ச்சியாளர் பாளையத்திற்கான செலவு என்பதை டஃபியின் ஆய்வே தெளிவாக்கியது. சபையார் கூடிப் பேசி, பொதுமுடிவாகத் தம் பிள்ளைகளை அனுப்பியுள்ளனர். அதனைக் குருவானவர் மறைக்காமல் கணக்கில் எழுதியுள்ளார். ஆலயத்து விளக்குகளைக் காத்துப் பழகிய ஊரின் இளைஞர், காக்க விளக்கு இல்லாத ஆண்டில் வில்லேந்திப் புறப்பட்டனர்.

ஆகஸ்டு 6-ஆம் நாள் ரசல் பிரபுவின் படை எக்சிட்டரை மீட்டது. அம்மாதத்திலேயே சாம்ப்ஃபோர்டு கோர்ட்னியில் கிளர்ச்சி முறியடிக்கப்பட்டது. கிளர்ச்சியில் மாண்டோர் ஆயிரக்கணக்கானோர். மோர்பாத் அடங்கியது, புதிய நூலின்படி வழிபாடு தொடர்ந்தது. டிரிக்கியும் தம் பணியைத் தொடர்ந்தார். 1553-இல் மேரி அரசியானபோது, ஊரார் தம் வீடுகளில் பாதுகாத்த ஆலயப் பொருள்கள் பலவற்றைத் திரும்பக் கொண்டுவந்தனர். எலிசபெத்தின் காலத்தில் மீண்டும் அனைத்தும் மாறின. முதிர்ந்த வயதில் டிரிக்கி அதே மக்களுக்கு ஆங்கிலத்தில் திருவிருந்து பரிமாறினார்.

நாம் கற்பன

சீர்திருத்த மரபில் வளர்ந்த நாம் இவ்வரலாற்றை எங்ஙனம் ஏற்பது? மோர்பாத்தின் பழைய பக்தி முழுவதையும் நாம் ஏற்கவேண்டுவதில்லை. இறைவார்த்தை மக்கள் மொழியில் வாசிக்கப்பட்டது பெரும்பேறு. அன்று மோர்பாத்தின்மேல் ஆணையாக வந்திறங்கிய பொது ஜெப நூலே, திருத்தங்கள் பெற்று, பிற்காலத்தில் தமிழாக்கப்பெற்று, நம் ஆங்கிலிக்கன் சபைகளில் எழுத்தறியாத முதியோரும் மனப்பாடமாகச் சொல்லும் செல்வமாயிற்று. நூல் தீயதன்று. ஆயினும் அது வந்த வழியை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். இறைமக்கள் யாவரும் ஆசாரியர் என்பது சீர்திருத்தத்தின் முழக்கம். மோர்பாத்திலோ, அம்முழக்கத்தின் பெயரால் வந்த மாற்றம், இறைமக்கள் பொறுப்பேற்றுப் பணிசெய்த அமைப்புகள் அனைத்தையும் குலைத்தது. கன்னியரும் இளைஞரும் காவலராயிருந்த நிதிகள் அழிந்தபின், அவர்களுக்கு வேறு பொறுப்பு அளிக்கப்படவில்லை. கோட்பாட்டில் உயர்த்தப்பட்ட பொதுநிலையினர் நடைமுறையில் கேட்போராக மட்டும் ஆயினர்.

டிரிக்கியைக் கோழை என்பாரும் உண்டு. நான்கு முறை மாறியவர் எதை நம்பினார் என வினவலாம். ஆனால் அவர் கணக்கேடு வேறொன்றைக் காட்டுகிறது. கோட்பாட்டிற்காக உயிர்துறப்போர் திருச்சபைக்குத் தேவை, அவர்களைப் போற்றுகிறோம். அதுபோலவே, இழப்பில் மக்களோடு இருந்து, அவர்கள் சினத்தையும் தோல்வியையும் தம் கையாலேயே எழுதி, அடுத்த ஞாயிறும் அவர்களுக்காக ஆலயக் கதவைத் திறப்போரும் தேவை. அவர் தவறினாரா என்பதை இறைவன் அறிவார். அவர் விட்டுப்போகவில்லை என்பதை நாம் அறிவோம்.

நம் சிற்றூர்ச் சேகரங்களிலும் மேலிடத்திலிருந்து ஆணைகள் வருகின்றன. அவற்றுள் பல நல்லவையே. அவற்றைச் செயற்படுத்துமுன், அவ்வூரில் யார் எந்தப் பொறுப்பைச் சுமக்கிறார், எந்தக் கைம்பெண் எந்தப் பணியில் தன் மதிப்பைக் காண்கிறார், எந்த இளைஞன் எந்தக் கணக்கை ஒப்புவிக்கப் பழகுகிறான் என்பதை அறிவது மேய்ப்பனின் முதற்கடமை. எடுப்பதற்குமுன் எதை அதன் இடத்தில் வைக்கப்போகிறோம் எனக் கேட்பது அதற்கடுத்த கடமை. சேகரத்தின் கணக்குப் புத்தகம் தணிக்கையாளருக்கு மட்டும் உரியதன்று. அதனை மெய்யாக எழுதி, சபைமுன் வாசித்து, பின்வரும் குருவிற்குப் பத்திரமாக ஒப்படைப்போமாயின், நாம் செய்த நன்மையையும் செய்யத் தவறியதையும் நமக்குப் பின்வருவோர் அதிலிருந்து அறிந்துகொள்வர்.