ஒரு டன்னுக்கு ஐந்து கிராம்

கிருஷ்ணகிரியில் இருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில் வாணியம்பாடி, ஆம்பூர் என்று வரிசையாகத் தோல் ஊர்கள். ஈரத்தோலில் பூஞ்சை பிடித்தால் சரக்கு பாழ். அதைத் தடுக்க ஒரு காலத்தில் இங்கே பயன்பட்ட மலிவான மருந்து பென்டாகுளோரோபீனால், சுருக்கமாக பிசிபி. பென்சீன் வளையத்தில் ஐந்து குளோரின் அணுக்கள் கொண்டது. தயாரிக்கும்போதே டையாக்சின் என்ற கொடிய நஞ்சும் அதில் கலந்துவிடும்.

1989 டிசம்பரில் ஜெர்மனி பிசிபியைத் தடை செய்தது. ஒரு கிலோ தோலில் 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. அதாவது ஒரு டன்னுக்கு 5 கிராம்! இந்தியத் தோலுக்கு ஜெர்மனி பெரிய சந்தை. மாற்று மருந்தின் விலையோ பல மடங்கு. மருந்தை மாற்றினால் மட்டும் போதாது, மாற்றியதைச் சோதனைச் சான்றிதழோடு நிரூபிக்கவும் வேண்டியிருந்தது. 1990களின் தொடக்கத்தில் இந்தியாவும் பிசிபியைத் தடை செய்தது.

இவ்வளவு சிறிய அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? தோலில் இருந்து கரைத்தெடுத்து, காஸ் குரோமட்டோகிராபியில் பிரித்து அளப்பது வழக்கமான முறை. 1990களில் ஜெர்மன் ஆய்வாளர்கள் குப்பை எரியுலைப் புகையில் இன்னொரு வழியைச் சோதித்தார்கள். தேர்ந்தெடுத்த லேசர் ஒளி பட்டதும் வளைய மூலக்கூறுகள் மட்டும் மின்னேற்றம் பெறும். நிறை நிறமாலைமானி அவற்றை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும். டையாக்சின் மிகமிகக் குறைவு என்பதால், அதோடு சேர்ந்தே உருவாகும் குளோரோபென்சீனை அளந்து டையாக்சினை மதிப்பிட்டார்கள்.

கதை அதோடு முடியவில்லை. 2007ல் இந்தியாவில் இருந்து ஐரோப்பா போன கொத்தவரைப் பிசினில் பிசிபியும் டையாக்சினும் சிக்கின. தடை காகிதத்தில் இருந்தால் போதாது, அளந்து பார்க்க ஆளும் கருவியும் வேண்டும். நம் ஊரில் நாமே அளக்காவிட்டால், வாங்குகிறவன் அளந்து சொல்வான்.