உயர் அவசர நிலை (சிறுநீரக ஒதுக்கீடு)

உயர் அவசர நிலை என்பது, இறந்தோர் கொடையாகக் கிடைக்கும் சிறுநீரகங்கள் தேவைக்குப் போதாத சூழலில், காத்திருப்போருள் உடனடி ஆபத்திலுள்ள நோயாளிக்கு முன்னுரிமை அளிக்கும் வகைப்பாடு. 1967இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் யோன் வான் ரூட் தொடங்கிய யூரோடிரான்ஸ்பிளான்ட் அமைப்பின் சிறுநீரக ஒதுக்கீட்டு முறையில் இது இடம்பெறுகிறது. ஜெர்மனி, ஆஸ்திரியா உட்பட 8 நாடுகள் இவ்வமைப்பில் உறுப்பினர்கள்.

கல்லீரல், இதயம் ஆகியவற்றின் ஒதுக்கீட்டில் அவசரமே முதன்மை அளவுகோல். சிறுநீரகத்தில் அது விதிவிலக்கு. செயலிழந்த சிறுநீரகத்தின் பணியை டயாலிசிஸ் பல ஆண்டுகள் ஓரளவு ஈடுசெய்வதே காரணம். அந்த வழி அடைபடும்போது இந்நிலை எழுகிறது: இரத்தக்குழாய்கள் அடைபட்டு ஃபிஸ்துலாவுக்கோ (தமனி-சிரை இணைப்பு) கதீட்டருக்கோ (செருகுகுழாய்) இடமின்றிப் போவதுடன், வயிற்றறை டயாலிசிஸும் இயலாமற்போதல். யுரேமியாவால் (இரத்தத்தில் கழிவுகள் தேங்குதல்) விளையும் கடும் நரம்புச் சிதைவும், டயாலிசிஸைத் தாங்க இயலாமல் தற்கொலை அபாயத்துக்கு உள்ளாதலும் ஏற்கப்படும் பிற காரணங்கள். தற்கொலை அபாயத்தை இரத்தப் பரிசோதனையால் அளக்க முடியாது. எனவே அதன் மதிப்பீடு மிகக் கடினமானது.

யூரோடிரான்ஸ்பிளான்ட் முறையில் 1996 முதல் திசுப் பொருத்தம், காத்திருப்புக் காலம், தொலைவு ஆகியவற்றுக்குப் புள்ளிகள் தரப்படுகின்றன. உயர் அவசர நிலையினர் கூடுதல் புள்ளிகள் பெறுவர். ஆயினும் இரத்த வகைப் பொருத்தமும் குறுக்குப் பொருத்தச் சோதனையும் (கொடையாளிக்கு எதிரான எதிர்ப்பொருள் பெறுநரிடம் உண்டா எனப் பார்ப்பது) அவர்களுக்கும் கட்டாயம்.