கிழங்கு காத்த குடிகள்

மூவேந்தரும் பறம்பு மலையை முற்றுகையிட்டபோது, உழவர் உழாமலே அம்மலை தரும் உணவுகள் நான்கு உண்டு என்றார் கபிலர். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் என அவற்றைப் புறநானூற்றின் 109ஆம் பாட்டு வரிசைப்படுத்தும். முற்றுகைக் காலத்தில் கிழங்கும் ஓர் அரண் என்பதை, இருபதாம் நூற்றாண்டில் மலாயாத் தோட்டத் தமிழரும் தம் வாழ்விலேயே கண்டறிந்தனர்.

கோல சிலாங்கூர், ஈஜோக், ஜெராம், பத்தாங் பெர்ஜுந்தை முதலிய பகுதிகளில் காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. நாட்டின் முதல் வணிக எண்ணெய்ப்பனைத் தோட்டமான தென்னமரம் 1917இல் இவ்வட்டாரத்திலேதான் உருவாயிற்று. மண் வளமுடையதுதான், ஆயினும், அதில் விளைந்தவை ஏற்றுமதிப் பொருள்களே. போருக்கு முன்னர் மலாயா உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்து வந்தது. கப்பல் நின்றால் உலையும் நிற்கும் என்பதே அன்றைய நிலை.

அந்நாள் விரைவில் வந்தது. 1941 டிசம்பர் 8இல் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, 1942 சனவரி 11இல் கோலாலம்பூரைக் கைப்பற்றியது. அரிசி வரத்துக் குறைந்தது. இரப்பருக்குச் சந்தை இல்லை. வாழைமரம் பொறித்த ஜப்பானியப் பணமோ நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. உழைக்கும் வயதினர் பல்லாயிரவர் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். லயங்களில் எஞ்சிய பெண்டிரும் முதியோரும் சிறுவரும் எதனை உண்டு உயிர் தாங்கினர்? வீட்டுப் புறத்தில் குச்சியை ஒடித்து நட்டாலே வேர்விடும் மரவள்ளியைத்தான்!

கபிலர் கூறிய வள்ளி வேறு. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இம்மரவள்ளி வேறு. இதன் சில வகைகளில் நச்சுத்தன்மை மிகுதி. ஆதலின் தோலை உரித்து, துண்டாக்கி, நீரில் ஊறவைத்து, மூடாத பானையில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டுதல் வேண்டும். வெந்த கிழங்கை உப்பும் மிளகாயும் சேர்த்து உண்டனர். துருவிப் பிழிந்து, அடியில் படிந்த மாவைக் கஞ்சியாக்கினர். வெயிலில் உலர்த்தி இடித்த மாவு புட்டாகவும் ரொட்டியாகவும் மாறியது. இளந்தளிர் கீரையாயிற்று. பொருள் ஒன்று, சமையலோ பல.

எனினும், இதனைப் பொற்காலமாகப் போற்றுதல் பிழை. மரவள்ளியில் மாவுச்சத்து உண்டு; புரதம் மிகக் குறைவு. வயிறு நிறைந்தும் உடல் மெலிந்தது. கால் வீங்கும் பெரிபெரி நோயும், மருந்தின்றி மலேரியாவும் பலரைக் கொண்டுபோயின. கிழங்கு பசியைத் தள்ளிவைத்தது, வறுமையை நீக்கவில்லை.

1945இல் போர் ஓய்ந்தபின் அரிசி மெல்லத் திரும்பியது. அதனோடு தோட்டத்துக் கடைகளில் உருளைக்கிழங்கும் இடம்பெற்றது. இதுவும் தென்னமெரிக்க ஆண்டிசு மலைகளில் பிறந்து, போர்த்துக்கீசியர் வழியே இந்தியா வந்த பயிரே. விடியற்காலைப் பெரட்டுக்கு முன் உலையேற்ற வேண்டிய தாய்மார்க்கு, குளிர்ப்பெட்டி இன்றியும் பல நாள் கெடாத இக்கிழங்கு பெருந்துணையாயிற்று. அவித்து உரித்துக் கடுகு, காய்ந்த மிளகாய், வெங்காயம் தாளித்தால் பிரட்டல். நீர் கூட்டினால் குழம்பு. மசித்தால் தோசைக்குத் துணை. சம்பள நாளுக்கு அருகில் ஒரு டின் சார்டின் சேரும்; கைப்பணம் தீர்ந்த நாளில் ஒரு பிடி நெத்திலி போதும். எண்ணிக்கை கூடினால் கிழங்கைக் கூட்டி, அனைவர் தட்டிலும் குழம்பு விழச் செய்வர். இருப்பதைக் கொண்டு இல்லாமையை வெல்லும் அறிவு இது. ஏட்டில் ஏறாமையால் இதனை அறிவன்று என்று ஒதுக்குதல் தகுமோ?

இரப்பர் மரங்கள் வீழ்ந்தன, எண்ணெய்ப்பனை பரந்தது. லயங்கள் பல இடிந்தன; மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். பத்தாங் பெர்ஜுந்தையும் 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. ஊரின் பெயரே மாறும்போது, அடுக்களையின் நினைவு எவ்வளவு காலம் நிற்கும்? 1942இல் பத்து வயதினராயிருந்தோர் இன்று தொண்ணூறைக் கடந்துவிட்டனர். தோட்டத் தமிழரின் வரலாறு துரைமார் எழுதிய கணக்கேடுகளில் மட்டும் இல்லை. இம்முதியோர் நாவிலும் உள்ளது. மாணவர் அவர்தம் அருகமர்ந்து, என்ன உண்டீர், எவ்வாறு சமைத்தீர் என வினவி எழுதிவைத்தல் வேண்டும். ஆசிரியர் அதனை ஒரு கட்டுரைப் பயிற்சியாகவேனும் தொடங்கி வைத்தல் கடன். காலந்தாழ்த்தின், வினவுவதற்கு ஆளிரார்.