லூர்து மருத்துவப் பணியகம்

தென்மேற்குப் பிரான்சில் பிரனீசு மலையடிவாரத்தில் உள்ள லூர்து, கத்தோலிக்கத் திருத்தலம். அங்கே நோய் நீங்கியதாகச் சொல்வோரை மருத்துவர்கள் ஆராயும் அமைப்பே லூர்து மருத்துவப் பணியகம். 1858இல் பெர்னதெத் சுபிரு என்ற 14 வயதுச் சிறுமி அவ்வூர்க் குகையில் மரியன்னையைக் கண்டதாகக் கூறினாள். 1862இல் மறைமாவட்ட ஆயர் அதை ஏற்றார். அக்குகையின் ஊற்றுநீரால் குணமானதாகப் பலர் சொல்லத் தொடங்கவே, உண்மையையும் மிகையையும் பிரித்தறிய 1883இல் பணியகம் நிறுவப்பட்டது. அங்கு வரும் எந்த மருத்துவரும், கடவுள் நம்பிக்கை இல்லாதவரும்கூட, விசாரணையில் கலந்துகொள்ளலாம்.

ஒரு குணம் ஏற்கப்பட, நோய் கடுமையானதாகவும் தானாகத் தீராததாகவும் இருக்க வேண்டும். மருந்தால் குணமாகியிருக்கக் கூடாது. சட்டென்று, முழுமையாக, மறுபடி தலைகாட்டாமல் நீங்கியிருக்க வேண்டும். இந்த அளவுகோல்கள் 18ஆம் நூற்றாண்டில், பின்னாளில் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் ஆனவர், புனிதர்பட்ட விசாரணைகளுக்காக வகுத்தவை.

இவற்றின் வலிமையையும் எல்லையையும் பெல்ஜியத் தொழிலாளி பியர் தெ ருதெரின் வழக்கு காட்டுகிறது. 1867இல் மரம் விழுந்து அவர் கால் முறிந்தது. எட்டு ஆண்டுகள் எலும்பு கூடவில்லை, புண்ணில் சீழ் வைத்தது, காலை எடுத்துவிடச் சொன்னதற்கும் அவர் இணங்கவில்லை. 1875இல், பெல்ஜியத்தின் ஓஸ்தாக்கரில் லூர்து அன்னைக்கு எழுப்பிய கெபியில் வேண்டிய அன்றே ஊன்றுகோலின்றி நடந்தார் என்கிறது பதிவு. அவர் 1898இல் இறந்தபின் உடலைத் தோண்டிப் பார்த்தபோது எலும்பு நன்கு கூடியிருந்தது. 1908இல் திருச்சபை அதை அற்புதமாக ஏற்றது. எலும்பு கூடியதற்கு எலும்பே சான்று. ஒரே நாளில் கூடியதற்கோ, கண்டவர்களின் வாக்குமூலம் மட்டுமே.

மருத்துவர்கள் ‘இன்றைய அறிவால் விளக்க முடியாதது’ என்பதோடு நிறுத்திக்கொள்வர். அற்புதம் என்று அறிவிப்பது குணமானவரின் மறைமாவட்ட ஆயர். லூர்தின் பெரும் நேர்மை இந்த வேலைப்பிரிவில்தான் இருக்கிறது: மருத்துவரிடம் இறையியல் தீர்ப்பு கேட்கப்படுவதில்லை. ஏற்கப்பட்ட அற்புதத்தையும் கத்தோலிக்கர் நம்பியே ஆகவேண்டும் என்ற கட்டாயமில்லை. குணமானதாகப் பதிவானவை ஏறத்தாழ 7,000. அற்புதமாக ஏற்கப்பட்டவற்றில் 70ஆவது 2018இல்தான் அறிவிக்கப்பட்டது.

குணமாகாமல் திரும்பிய பெருந்தொகையினர் இக்கணக்கில் வருவதில்லை என்பதும், அரிதாகப் புற்றுநோயும் தானே கரைவதுண்டு என்பதும் விமர்சகர்களின் வாதம். முதல் வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. குணமாகாதவர்களையும் எண்ணாமல் எந்த ஒப்பீடும் நிறைவடையாது. மருத்துவ வளர்ச்சியும் சோதனையைக் கடினமாக்கியுள்ளது. இன்று கடும் நோயாளிகளில் பெரும்பாலோர் சிகிச்சை பெற்றுக்கொண்டேதான் லூர்துக்கு வருகின்றனர். குணத்தில் மருந்துக்குப் பங்கில்லை என நிறுவுவது அரிதாகிவிட்டது.