நிதி திரட்ட ஒரு மொட்டை

மொட்டை என்றாலே செனாவாங் மக்களுக்குத் தைப்பூச நேர்த்திக்கடன்தான் நினைவுக்கு வரும். புற்றுநோயாளிகளுக்கு நிதி திரட்டவும் மொட்டை போடுவதுண்டு.

ஆஸ்திரேலியாவில் இத்தகைய இயக்கம் 1998இல் தொடங்கியது. அங்கு கல்லூரி விடுதி மாணவர்களும் குழுவாகப் பங்கேற்கிறார்கள். மொட்டைக்குத் தயங்குபவர்கள் முடிக்கு வண்ணச் சாயம் பூசிக்கொள்ளலாம். சிங்கப்பூரில் ‘ஹேர் ஃபார் ஹோப்’ 2003 முதல் நடக்கிறது. நம் நாட்டில் தேசியப் புற்றுநோய்ச் சங்கம் ‘கோ பால்ட்’ இயக்கத்தை நடத்தியுள்ளது.

கீமோதெரபி, வேகமாகப் பெருகும் உயிரணுக்களைத் தாக்குவதால் முடியும் உதிர்கிறது. சிகிச்சைக்குப் பின் பெரும்பாலும் மீண்டும் வளரும். அதுவரை வெளியே வரக் கூச்சப்படும் குழந்தைக்கு, தானாக மொட்டை போட்டுக்கொண்ட அண்ணன், அக்காமார்கள் துணை.

மாணவர்கள் கவனத்திற்கு: வீடு வீடாகவோ தெருவிலோ நன்கொடை வசூலிக்க, 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் உரிமம் தேவை.