ஆப்பிரிக்கன் மல்லி

ஆப்பிரிக்கன் மல்லி, கொத்தமல்லியின் மணமுள்ள ஒரு இலைச்செடி. தாவரவியல் பெயர் எரிஞ்சியம் ஃபீட்டிடம். 1753-இல் லின்னேயஸ் சூட்டியது. கொத்தமல்லி, சீரகம், கேரட் ஆகியவற்றின் குடும்பமான ஏப்பியேசியைச் சேர்ந்தது. தாயகம் மெக்சிகோ முதல் தென் அமெரிக்கா வரையிலான வெப்பமண்டலப் பகுதியும் கரீபியத் தீவுகளும். கேரளத்து வீட்டுத் தோட்டங்களிலும் வடகிழக்கு இந்தியாவிலும் இன்று பரவலாக வளர்கிறது.

இலைகள் தரையோடு ஒட்டி வட்டமாக விரியும். ஒவ்வொன்றும் 30 செ.மீ. வரை நீளும், ஓரம் ரம்பப் பல் போலிருக்கும். இளம் இலையின் பற்கள் மெத்தென்றிருக்கும். பூத்தண்டில் வரும் இலைகளோ விரலைக் குத்தும். இலையைக் கசக்கினால் கிளம்பும் வாசனை கொத்தமல்லியைவிடப் பல மடங்கு தூக்கல். கொத்தமல்லித் தழையிலும் உள்ள 2-டோடெசினால் என்ற வேதிப்பொருளே இதன் எண்ணெயில் முதன்மையானது.

வெயில் ஏறியதும் கொத்தமல்லி பூத்துவிடுகிறதே என்று அலுத்துக்கொள்பவர்கள் வளர்க்க வேண்டிய செடி இது. வெப்பத்தையும் ஈரத்தையும் நன்கு தாங்கும். ஆனால் நிழல் வேண்டும். நேர்வெயிலில் இலை சிறுத்துத் தடிக்கும். பூத்தண்டும் சீக்கிரம் வரும். மரத்தடியிலோ நிழல்வலைக்குக் கீழோ வைத்தால் இலை அகன்று, இளசாக, கூடுதல் மணத்தோடு வரும். விதை மிகப் பொடி. தொழு உரம் கலந்த மண்ணின் மேல் தூவி லேசாக அழுத்தினால் போதும். மேலே மண் போட்டு மூடக் கூடாது. முளைக்க 2 முதல் 4 வாரம் வரை ஆகும். அதுவரை மண் காயாமல் பூவாளியால் தெளிக்க வேண்டும். பொறுமையிழந்து தொட்டியைக் கொட்டிவிடக் கூடாது.

பூத்தண்டு தலைகாட்டியதும் அடியோடு கிள்ளிவிடுவதுதான் பராமரிப்பில் முக்கியமானது. விட்டால் செடியின் சத்து அதற்கே போகும். பறிக்கும்போது வெளிவட்ட இலைகளை மட்டும் எடுத்து, நடுக்குருத்தை விட்டுவிட வேண்டும். விதைக்காக ஒரே ஒரு செடியைப் பூக்கவிட்டால், உதிரும் விதையிலிருந்து சுற்றிலும் தானாகவே கன்றுகள் முளைக்கும். வேர்முடிச்சு நூற்புழு தாக்கிய மண்ணில் நடாமல் இருப்பது நல்லது.

கொத்தமல்லியை இறக்கும்போது தூவுகிறோம். இதையோ கொதியிலேயே போடலாம், மணம் போகாது. புவேர்த்தோ ரீக்கோவில் இதன் பெயர் ரெக்காவோ. வெங்காயம், பூண்டு, மிளகாயோடு அரைத்த சோஃப்ரித்தோ விழுதில் சேர்ந்து பல சமையல்களுக்கு அடிப்படையாகிறது. டிரினிடாடில் ஷாடோ பெனி என்பார்கள். பூண்டும் மிளகாயும் சேர்த்து அரைத்த சட்னியை, கடலைக்கறி வைத்த டபுள்ஸ் பண்டத்தின் மேல் ஊற்றித் தருவார்கள். வியட்நாமில் ஃபோ நூடுல்ஸ் சூப்போடு பச்சையாகவே பரிமாறுகிறார்கள். மணிப்பூரிகள் சிங்ஜு முதலிய கலவைகளில் பொடியாக நறுக்கிச் சேர்க்கிறார்கள்.

ரசத்துக்கு ஒரு சட்டிக்கு இரண்டு இலை தாராளம். நிழலில் உலர்த்தினாலும், உலர்ந்த கொத்தமல்லித் தழையைப் போல் வெறும் சருகாகிவிடாமல், வாசனையைக் கணிசமாகத் தக்கவைக்கும்.